ஒட்டிய உறையைப் பிரிக்கலாமா? பழைய அமெரிக்க ப்ரூஃப் செட்டுகள் கையில் இருப்பவர்களுக்கு

1955 முதல் 1964 வரை அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை விற்ற ப்ரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிபோல் மெருகேற்றிய அச்சில் அடித்த காசுகளின் தொகுப்பு) ஒன்று, ஒட்டுப் பிரியாமல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உறைக்குக் கொடுத்த விலையில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று காசுகளின் விலை. மற்றது, உள்ளே என்ன இருக்குமோ என்ற ஆசையின் விலை. பிரித்த கணமே இரண்டாவது பங்கு போய்விடும். போகிற அந்தப் பணத்தை ஈடுகட்டும் அளவுக்கு உள்ளே ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டா என்பதை உறை மூடியிருக்கும்போதே கணக்குப் பார்க்க வேண்டும். பிரித்த பிறகு பார்க்கும் கணக்கால் எந்தப் பயனும் இல்லை.

உறைக்குள் என்ன இருக்கிறது

1 சென்ட், 5 சென்ட் நிக்கல், 10 சென்ட் டைம், கால் டாலர், அரை டாலர் என ஐந்து காசுகள். முகமதிப்பு கூட்டினால் 91 சென்ட். நாணயச்சாலை விற்ற விலை 2 டாலர் 10 சென்ட். அரை டாலரில் 1963 வரை பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1964-இல் கென்னடி. சென்ட்டின் பின்பக்கத்தில் 1958 வரை கோதுமைக் கதிர்கள், 1959 முதல் லிங்கன் நினைவகம்.

டைம், கால் டாலர், அரை டாலர் மூன்றும் 90 சதவீத வெள்ளி. மூன்றிலும் சேர்த்துச் சுத்த வெள்ளி ஏறக்குறைய 0.615 டிராய் அவுன்ஸ் (ஒரு டிராய் அவுன்ஸ் சுமார் 31.1 கிராம்). அன்றைய வெள்ளி விலையை இதனால் பெருக்கினால் கிடைப்பது செட்டின் அடிமட்ட விலை. பிரித்தாலும் மூடியிருந்தாலும் இதற்குக் கீழே போகாது. வெள்ளி ஏறியிருக்கும் காலத்தில் சாதாரண ஆண்டுகளின் செட் விலை இந்த அடிமட்டத்தை ஒட்டியே நிற்கும்.

ஐந்து காசுகளும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டை உறையில் தனித்தனி அறைகளில் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்கும். சேகரிப்பவர்கள் இதை ஃபிளாட் பேக் என்பார்கள். ஆறாவது அறையில் நாணயச்சாலையின் பெயர் பொறித்த பளபளப்பான தாள் முத்திரை. இந்த ஃபிளாட் பேக் விறைப்பான அட்டையோடு பழுப்புக் காகித உறைக்குள் போய், உறையின் மடிப்பு பசையால் ஒட்டப்பட்டிருக்கும்.

ஆக, ஒட்டு இரண்டு: வெளியே காகிதம், உள்ளே பிளாஸ்டிக். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே மூச்சில் பிரித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. காகிதத்தைப் பிரித்தால் ஆசையின் விலை மட்டும் போகும். செட் இன்னும் முழு செட்தான். பிளாஸ்டிக்கை வெட்டினால் செட் உடைந்து ஐந்து உதிரிக் காசுகளாகிவிடும். இவை இரண்டும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவுகள்.

முதலில் உறை பிரிக்கப்படாததுதானா?

சந்தையில் ‘ஒட்டுப் பிரியாதது’ என்று விற்கப்படும் உறைகளில் ஆவி காட்டிப் பிரித்துப் பார்த்து, நல்ல காசை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியவையும் கலந்திருக்கின்றன. அப்படிப்பட்ட உறையைப் பொறுத்தவரை, பிரிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. நல்லதை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மடிப்பின் விளிம்பைப் பாருங்கள். அறுபது ஆண்டுகள் மூடிக் கிடந்த உறையில் மடிப்புக்கு வெளியே உள்ள காகிதம் வெளிச்சமும் காற்றும் பட்டுக் கொஞ்சம் கருத்திருக்கும். மடிப்புக்கு அடியில் இருந்த காகிதம் வெளிறியே இருக்கும். அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள கோட்டின் மேல் மடிப்பின் விளிம்பு சரியாகப் படிந்திருக்க வேண்டும். பிரித்து மறுபடி ஒட்டியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அரை மில்லிமீட்டராவது தவறும். விளிம்பை ஒட்டி மெல்லிய வெளிர் கீற்று ஒன்று தெரிந்தால் உறை ஒருமுறை திறந்ததே.

ஆவி பட்ட காகிதம் காய்ந்தபின் முழுத் தட்டையாகாது. மடிப்பின் மேல் விரல் நுனியை ஓட்டினால் சிற்றலைகள் தட்டுப்படும். பழைய பசை மந்தமாக, கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். விளிம்பைத் தாண்டிப் பளபளப்பு வழிந்திருந்தால் அது புதுப்பசை. நல்ல அறிகுறி ஒன்றும் உண்டு. பல ஆண்டுகள் மற்ற உறைகளோடு அடுக்கிக் கிடந்தவற்றின் வெளிக்காகிதத்தில் காசுகளின் வட்ட விளிம்பு மேடாகப் பதிந்திருக்கும், அந்த மேட்டில் அழுக்கும் ஏறியிருக்கும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். மடிப்பின் கோட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

எடை போட்டுப் பார்ப்பது ஓரளவு உதவும். காசுகள் மட்டும் 3.11, 5, 2.5, 6.25, 12.5 கிராம், மொத்தம் 29.36 கிராம். அதே ஆண்டின் நம்பகமான உறை ஒன்றை 0.01 கிராம் காட்டும் தராசில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காகிதமும் அட்டையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் 1 கிராமுக்கு மேல் குறைந்தால், வெள்ளி அரை டாலரை எடுத்துவிட்டு 11.34 கிராம் எடையுள்ள பிற்காலக் காசைப் போட்டிருக்கலாம். எடை இவ்வளவுதான் சொல்லும். கீழே வரும் அரிய வகைகள் எல்லாம் சாதாரணக் காசின் எடையேதான் இருக்கும், ஆகவே ‘எடையை வைத்து அரியதைக் கண்டுபிடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த ஆண்டில் தேடுவதற்கு என்ன இருக்கிறது

உறை மேல் உள்ள ஆண்டைப் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடலாம். 1955-இல் பழைய பெட்டி வடிவமும் ஃபிளாட் பேக்கும் சேர்ந்து 3,78,200 செட்டுகள் விற்றன. 1957-இல் அது 12,47,952 ஆனது. 1961-இல் 30 லட்சத்தைத் தாண்டியது, 1964-இல் 39,50,762. எண்ணிக்கை ஏற ஏற, ‘மூடிய உறை’ என்பதற்குத் தனியாகக் கிடைக்கும் கூடுதல் விலை குறையும்.

1956: அரை டாலரின் பின்பக்கம் இரண்டு வகை. அங்குள்ள பெரிய மணிக்குப் பக்கத்தில் சிறிதாக உட்கார்ந்திருக்கும் கழுகைப் பாருங்கள். அது நிற்கும் கொம்புக்கு இடப்பக்கம் நான்கு இறகுகள் தெரிந்து, கழுகு தட்டையாக இருந்தால் முதல் வகை. மூன்று இறகுகளோடு கழுகு புடைப்பாக இருந்தால் இரண்டாம் வகை. முதல் வகை குறைவாகவே கிடைக்கும்; கேமியோவோடு (உருவம் வெண்பனிபோலவும் தளம் கண்ணாடிபோலவும் இருப்பது, விளக்கம் கீழே) இன்னும் குறைவு. அதேசமயம் இந்த ஆண்டின் இரண்டாம் வகை நல்ல கேமியோவோடு மற்ற ஐம்பதுகளைவிட அதிகமாகக் கிடைக்கிறது. பிரித்துப் பார்க்கத் தகுந்த ஆண்டு.

1960: சென்ட்டில் ஆண்டு எண்கள் சிறியவை, பெரியவை என இரண்டு அளவில் உண்டு. சிறியதில் 1, 9 இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும், 0 உருண்டையாக இருக்கும், 6-இன் வால் குட்டை. பெரியதில் 9-இன் தலை 1-ஐவிட உயர்ந்து நிற்கும், 6-இன் வால் நீண்டிருக்கும். சிறிய எண் உள்ள செட்டுக்குத்தான் விலை கூடுதல். பெரிய எண் சிறிய எண்ணின் மேல் விழுந்த இரட்டை அச்சும் ப்ரூஃபில் உண்டு. லென்ஸில் பார்த்தால் ஆண்டு எண்களின் பக்கத்தில் இன்னொரு எண்ணின் விளிம்பு தெரியும்.

1961: இந்த ஆண்டின் பரிசு அரை டாலரின் பின்பக்க இரட்டை அச்சு. 10 மடங்கு லென்ஸை எடுத்து மேலே வளைந்து ஓடும் ‘யுனைடெட்’ என்ற சொல்லையும், மணிக்கு இடப்பக்கம் பொடியாக இருக்கும் ‘ஈ புளூரிபஸ் யூனம்’ என்ற வாசகத்தையும் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தன் பக்கத்தில் இன்னொரு முழு எழுத்தைச் சுமந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே கூர்மை, நடுவில் பிளவு தெளிவு. எழுத்தின் ஓரத்தில் தட்டையான படிக்கட்டு மாதிரி ஏதோ தெரிந்தால் அது அச்சு அசைந்ததால் வந்த தடம். அதற்கு விலை இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் மாதம் முழுக்க மகிழ்ந்திருந்து, பின்னால் கிரேடிங் நிறுவனத்திடமிருந்து (காசைச் சோதித்து, தரப் புள்ளி கொடுத்து, பெட்டிக்குள் அடைத்துத் தருபவர்கள்) சாதாரணக் காசு என்ற சீட்டோடு திரும்பப் பெறுகிறவர்கள் ஏராளம்.

1964: கென்னடி அரை டாலரின் முதல் அச்சுகளில் காதுக்கு மேலே உள்ள முடிக்கற்றைகள் தடித்து, அழுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தன. பிறகு அதை மென்மையாக்கிவிட்டார்கள். முந்தைய வகையைத் தமிழில் ‘அழுத்த முடி’ என்று வைத்துக்கொள்ளலாம். சந்தையில் ஆக்சென்டட் ஹேர் என்றுதான் பெயர். முடியைப் பார்த்துக் குழப்பம் வந்தால் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லில் ‘ஐ’ எழுத்தைப் பாருங்கள். அடிக்கட்டையின் இடப்பக்கக் கொம்பு இல்லாமல் மழுங்கியிருந்தால் அது முந்தைய வகை. ப்ரூஃப் செட்டுகளில் இது 1 முதல் 3 சதவீதம் வரை என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு.

1957, 1958, 1959, 1962, 1963 ஆண்டுகளில் பெரும்பாலும் கேமியோவை நம்பித்தான் பிரிக்க வேண்டும். 1959 அரை டாலரில் ஆழமான கேமியோ மிக அரிது. 1962, 1963-இல் ஓரளவு கிடைக்கும், அதனாலேயே விலையும் அவ்வளவு ஏறாது.

கேமியோ என்றால் என்ன, ஏன் அரிது

ப்ரூஃப் அச்சில் குழிவான பகுதிகள் (அதாவது காசில் மேடாக வரும் உருவமும் எழுத்தும்) அமிலத்தால் பதப்படுத்தப்பட்டுச் சொரசொரப்பாக இருக்கும். தளம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கும். புதிய அச்சில் அடித்த முதல் காசுகளில் உருவம் வெண்பனி படிந்ததுபோலவும் தளம் கருங்கண்ணாடிபோலவும் வரும். ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சொரசொரப்பு தேயும். சில பத்துக் காசுகளுக்குள் பனி மெலிந்து, பிறகு உருவமும் தளமும் ஒன்றேபோல் மின்ன ஆரம்பிக்கும். இன்றைய நாணயச்சாலைகள் இந்தப் பனியை எல்லாக் காசுகளிலும் நிலைக்கச் செய்யும் முறை கண்டுவிட்டன. 1970-களுக்கு முன் அது இல்லை. பழைய ப்ரூஃபில் கேமியோவுக்கு விலை இருப்பது இதனால்தான்.

கிரேடிங் நிறுவனங்கள் மூன்று படி வைத்திருக்கின்றன: கேமியோ இல்லாதது, கேமியோ, டீப் கேமியோ (சில நிறுவனங்கள் அல்ட்ரா கேமியோ என்கின்றன). விதி கடுமையானது. இரண்டு பக்கமும் பனி இருக்க வேண்டும். ஃபிராங்க்ளினின் தலை வெள்ளையாக ஜொலித்து, பின்பக்க மணி மட்டும் சாதாரணமாக மின்னினால் கேமியோ கிடையாது. பிரித்தவர்களில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இது: முன்பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மணியைப் பார்ப்பதில்லை.

கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால்தான் புரியும். கீழே உள்ளவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் நாளின் ஏல விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள்.

மூடிய உறை 70 டாலருக்குப் போகிறது, அதே ஆண்டின் பிரித்த செட் 50 டாலருக்குப் போகிறது என்றால், பிரிப்பதற்கு நீங்கள் கொடுக்கும் நுழைவுச் சீட்டு 20 டாலர். தேடும் அரிய காசு கிடைத்தால், கிரேடிங் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு, ஏலத் தரகு எல்லாம் போகச் சாதாரண செட்டைவிட 200 டாலர் கூடுதலாக வரும் என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் நட்டம்.

1964-க்குப் போட்டுப் பாருங்கள். கூடுதல் விலை 5 டாலர்தான், அழுத்த முடி கிடைத்தால் நிகரம் 40 டாலர் என்று கொண்டால், 2 சதவீத வாய்ப்பில் எதிர்பார்ப்பு 80 சென்ட். 5 டாலர் கொடுத்து 80 சென்ட் வாங்குகிற வியாபாரம். ஒரே உறை என்றால் தாங்கிக்கொள்ளலாம், நூறு உறை என்றால் தாங்காது.

இந்தக் கணக்கில் அடிக்கடி விடுபடுவது கிரேடிங் கட்டணம். அறுபதுகளின் சாதாரண ப்ரூஃப் காசு, கேமியோ இல்லாமல் 70-க்கு 67 புள்ளி வாங்கினால், பெட்டிக்குள் அடைத்து வருவதற்குள் அதன் விலையைவிடக் கட்டணம் அதிகமாகிவிடும். எல்லாக் காசையும் அனுப்பாதீர்கள். ஐந்தில் ஒன்று, அதுவும் பெரும்பாலும் அரை டாலர், அனுப்பத் தகுந்ததாக இருந்தால் பெரிய விஷயம்.

விற்கிற எண்ணத்தில் இருப்பவருக்கு எங்கள் யோசனை நேரடியானது: 1957 முதல் 1964 வரையுள்ள உண்மையான மூடிய உறையை மூடியபடியே விற்றுவிடுங்கள். ஆசையை வாங்க ஆள் இருக்கும்போது அதை விற்பதே ஆதாயம். வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு யோசனை வேறு.

மூடியே இருந்தால் பத்திரம் என்பது சரியா?

சரியில்லை. ஒட்டிய உறை காசைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையால் கெட்டுப்போன காசுகள் கணக்கில்லை. காகிதத்திலும் பசையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடாகப் படியும். முதலில் மங்கல் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கருப்பு. மெல்லிய பிளாஸ்டிக் காற்றையும் ஈரத்தையும் முழுசாகத் தடுக்காது. 95 சதவீதம் செம்பான சென்ட்தான் முதலில் பாதிக்கப்படும்: அச்சடிக்கும்போது ஒட்டிய துகளைச் சுற்றி ஊசிமுனை அளவில் கரும்புள்ளி கிளம்பி, ஆண்டுகளில் பெருகும். நிக்கலிலும் வெள்ளியிலும் பால் தெளித்ததுபோல் வெள்ளை மூட்டம் படரும்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு வேகம். குளிர்ந்த உலர்ந்த ஊரில் ஐம்பது ஆண்டு நன்றாக இருந்த உறை, இங்கே பீரோவுக்குள் சில மழைக்காலங்களில் மாறிவிடும். வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், காசை நேசிக்கிறவர் காகிதத்தைப் பிரித்து உள்ளே ஒருமுறை பார்ப்பதுதான் முறை. மூடியே வைக்க முடிவெடுத்தால், உறையைப் பிவிசி இல்லாத பாலிப்ரொப்பிலீன் பையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு அருகே வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் கற்பூரம், பூச்சி உருண்டை வைத்த பெட்டியும் கூடவே கூடாது.

காகித உறையைப் பிரிக்கும் முறை

தேவையானவை: மெல்லிய பிளாஸ்டிக் அட்டை (பழைய ஏடிஎம் கார்டு போதும்), புதிய பிளேடு, நைட்ரைல் கையுறை, பஞ்சு உதிராத மெல்லிய துணி, 10 மடங்கு லென்ஸ், ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கு. பருத்திக் கையுறை வேண்டாம், வழுக்கும், நூல் உதிரும்.

உறையின் இரண்டு பக்கத்தையும் அளவுகோலோடு படம் எடுங்கள். மடிப்பின் விளிம்பைத் தனியாக, கிட்டத்தில் எடுங்கள். பிரிக்கத் தொடங்கியது முதல் ஃபிளாட் பேக் வெளியே வரும் வரை இடைவெளியில்லாமல் காணொளி எடுத்தால், ஏதாவது அரியது வந்தால் வாங்குகிறவருக்குக் காட்ட உதவும்.

ஆவி காட்டாதீர்கள். காகிதத்தைப் பிரிக்கும் ஈரம் உள்ளே காசையும் தொடும். பசை பெரும்பாலும் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். மடிப்பின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெல்ல நகர்த்தினால் ‘சட்சட்’ என்று விட்டுக்கொண்டே வரும். விட மறுத்துக் காகிதம் கிழியப் பார்த்தால் நிறுத்திவிட்டு, உறையைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டி உள்ளிருப்பதை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் 1 மில்லிமீட்டர் மட்டும் பிளேடால் வெட்டுங்கள். பிளேடை உள்ளே குத்த வேண்டாம், விளிம்பை மட்டும் சீவுங்கள்.

ஃபிளாட் பேக்கை விரலால் பிடித்து இழுக்காதீர்கள். அட்டையைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் துணி மேல் சரியவிடுங்கள்.

பிளாஸ்டிக்கை வெட்டுவதற்கு முன்

விளக்கு ஒன்று மட்டும் எரியட்டும், மற்றவற்றை அணைத்துவிடுங்கள். கருப்புத் துணி மேல் ஃபிளாட் பேக்கை வைத்து மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். முதலில் அறைகளின் ஒட்டுக் கோடுகளைப் பாருங்கள்; எல்லாம் ஒரே அகலத்தில், ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு அறையின் கோடு மட்டும் உருகிச் சுருங்கியிருந்தால், அந்தக் காசை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

மேலே சொன்ன வகைகளில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வழியாகவே அடையாளம் காணலாம். கேமியோவை மட்டும் அப்படி உறுதிசெய்ய முடியாது. சுருங்கிய பிளாஸ்டிக் வெளிச்சத்தைச் சிதறடித்து, இல்லாத பனியைக் காட்டும், இருக்கும் பனியை மறைக்கும். ஒரு வழி: காசை விரலால் தொடாமல் பிளாஸ்டிக்கை லேசாக அசைத்து வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். மூட்டம் பிளாஸ்டிக்கோடு நகர்ந்தால் அது பிளாஸ்டிக்கில், காசோடு நகர்ந்தால் காசில். நகர்த்தும்போது உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தளத்தில் ஒரு சிறு உரசல் முடிபோல் கோடாக விழும், அதற்குத் தீர்வு இல்லை.

சாதாரண செட் என்று தெரிந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள். ஃபிளாட் பேக்கோடு உள்ள முழு செட்டுக்கு ஐந்து உதிரிக் காசுகளைவிட எப்போதும் நல்ல விலை.

வெட்டுவதும் அசிட்டோனும்

கேமியோ உறுதி என்று தோன்றினாலோ, காசில் மூட்டம் பரவிக்கொண்டிருந்தாலோ மட்டும் வெட்டுங்கள். வேண்டிய காசு உள்ள அறையை மட்டும், ஒட்டுக் கோட்டுக்கு வெளிப்பக்கம், காசிலிருந்து தள்ளிக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ரப்பர் ஊதுகுமிழால் அறைக்குள் காற்றை ஊதி அதை உப்பச் செய்யுங்கள். பிறகு துணிக்கு மேல் கவிழ்த்தால் காசு தானாக விழும். வாயால் ஊத வேண்டாம், காசுக்கு மேல் பேசவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி சில மாதங்களில் புள்ளியாக எழும்பி நிற்கும். காசை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்கிப் பழகிய கைக்கு, மூட்டம் படிந்த வெள்ளிக் காசைப் பார்த்ததும் துடைக்கத் தோன்றும். விபூதி, பற்பசை, புளி, சோடா உப்பு, மென்மையான துணிகூட வேண்டாம். ப்ரூஃப் தளத்தில் எது உரசினாலும் கோடு விழும்; 68 புள்ளி வாங்க வேண்டிய காசு ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு திரும்பி வரும்.

பிளாஸ்டிக்கிலிருந்து வந்த எண்ணெய்ப் பசைக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகச்சாயம் நீக்கும் திரவம் வேண்டாம். அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள், பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்துவிடும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஆவி எளிதில் தீப்பற்றும். முதல் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டாம் கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் முக்கி எடுத்து, விளிம்பில் நிறுத்திக் காற்றில் உலரவிடுங்கள். சில நொடிகளில் காய்ந்துவிடும். துடைக்காதீர்கள். இது வெள்ளிக்கும் நிக்கலுக்கும் மட்டும். செப்புச் சென்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள். சல்ஃபைடு நிறத்தையும் பால் புள்ளியையும் அசிட்டோன் எடுக்காது. அதற்காக அமிலம் கலந்த டிப் திரவத்துக்குப் போனால் அது உலோகத்தின் மேற்பரப்பையே கொஞ்சம் தின்னும். கேமியோவின் பனிதான் முதலில் போகும்.

உலர்ந்த காசைக் காற்றுப் புகாத கேப்ஸ்யூலில் வையுங்கள். விட்டம் டைமுக்கு 17.9, சென்ட்டுக்கு 19.05, நிக்கலுக்கு 21.2, கால் டாலருக்கு 24.3, அரை டாலருக்கு 30.6 மில்லிமீட்டர். ஆடுகிற அளவுக்குப் பெரிய கேப்ஸ்யூல் வாங்காதீர்கள். வளைகிற, வாசனை அடிக்கிற மென்பிளாஸ்டிக் உறைகள் பிவிசி. பச்சைப் பசை கக்கும்.

1950 முதல் 1955 வரை: பெட்டிகள்

இந்த ஆண்டுகளில் காசுகள் தனித்தனிப் பைகளில் ஸ்டேபிள் அடித்துச் சிறு அட்டைப்பெட்டிக்குள் வந்தன. 1950-இல் 51,386 செட்டுகள்தான். டேப் பிரியாத பெட்டிக்கு நல்ல விலை உண்டு, அதனாலேயே போலியும் அதிகம்; பெட்டியும் டேப்பும் கிடைத்தால் யாரும் ஒட்டலாம். ஆனால் உள்ளே ஸ்டேபிள் துருப்பிடித்துக் காசில் இறங்குவது நிச்சயமாக நடக்கிற ஒன்று. விற்கப்போவதென்றால் டேப்போடு பெரிய ஏல நிறுவனம் ஒன்றுக்குக் கொடுங்கள். வைத்துக்கொள்வதென்றால் தயங்காமல் திறந்து, ஸ்டேபிளை இழுக்காமல் அதன் கால்களை நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். 1952 கால் டாலரின் பின்பக்கம் கழுகின் மார்பில் ‘எஸ்’ வடிவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சூப்பர்பேர்டு என்று பெயர், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1965 முதல் 1967 வரை ப்ரூஃப் செட் இல்லை. 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கெட்டி பிளாஸ்டிக் பேழையில் மறுபடி வந்தன. இவற்றில் சான் ஃபிரான்சிஸ்கோவைக் குறிக்கும் ‘எஸ்’ எழுத்து விடுபட்ட 1970 டைமும் (சுமார் 2,200 காசுகள்) 1971 நிக்கலும் (1,655 காசுகள்) பேழைக்கு வெளியிலிருந்தே தெரியும். அட்டையுறையைக் கழற்றிப் பார்த்தால் போதும், பேழையை நெம்ப வேண்டியதில்லை.

பிரித்தபின் காலி உறை, அட்டை, தாள் முத்திரை எதையும் எறியாதீர்கள். முழு செட்டாக விற்கும்போது அவற்றுக்கும் விலை உண்டு. பட்டியலில் ‘உறை திறக்கப்பட்டது, ஃபிளாட் பேக் வெட்டப்படவில்லை’ என்று அப்படியே எழுதுங்கள். மடிப்பை மறுபடி ஒட்டாதீர்கள், நாளை இன்னொருவர் அதே ஜன்னலோரத்தில் அந்த வெளிர் கீற்றைத் தேடுவார்.